பிஜி டாக்டர்களுக்கு ஈபிஎம் சொல்லித்தர எது சரி: ஜர்னல் கிளப்பா, ஒர்க்‌ஷாப்பா, ரவுண்ட்ஸா?

குழந்தைகள் வார்டுல பிஜிக்களோட, அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர்களோட, தினமும் நிக்கிற ஆளா இத எழுதறேன். எவிடன்ஸ் பேஸ்டு மெடிசின் (ஈபிஎம்), அதாவது ஆராய்ச்சி ஆதாரத்தப் பாத்து வைத்தியம் முடிவு பண்றத சொல்லித்தர நம்ம காலேஜ்கள்ல இந்த மூணு வழிதான் அதிகம் புழக்கத்துல இருக்கு.

ஒர்க்‌ஷாப்ப சீக்கிரம் முடிச்சிடறேன். பிக்கோ கேள்வி (நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவுன்னு பிரிச்சு) அமைக்கிறது, மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்ல தேடறது, என்என்டி (எத்தனை பேருக்கு வைத்தியம் பண்ணினா ஒருத்தருக்குப் பலன்) கணக்கு, எல்லாம் ரெண்டு நாள்ல புரிஞ்சிடும், ஆனா அடுத்த நைட் டியூட்டில அது கைக்கு வராது. 2004ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல வந்த ரிவ்யூவும் இதையேதான் சொல்லுச்சு, தனி வகுப்பா எடுத்தா அறிவு மட்டும் கூடுது, வார்டு வேலையோட சேர்த்து எடுத்தாதான் பழக்கமும் மாறுதுன்னு.

ஜர்னல் கிளப் 1875ல கனடாவுல மான்ட்ரியல்ல வில்லியம் ஆஸ்லர்ங்கற டாக்டர் ஆரம்பிச்சது. ஒரு ஆராய்ச்சிப் பேப்பர நிதானமா பிரிச்சு மேய இதவிட நல்ல இடம் இல்ல. ஆனா நடக்கறது என்ன, புதுசா வந்த பேப்பர் ஒண்ண எடுத்து நாப்பது ஸ்லைடு போட்டு ஒருத்தர் வாசிப்பாங்க, டியூட்டி முடிச்சு வந்தவங்க பின்னாடி தூங்குவாங்க, அந்தக் கேள்வி யாரோட நோயாளிக்கு வந்ததுன்னு யாருக்கும் தெரியாது.

ரவுண்ட்ஸ்ல கேள்வி பெட்லயே இருக்கு. ஒரு தடவை டெங்கு ஷாக்ல வந்த நாலு வயசுப் பையனுக்கு புரோட்டோகால்படி ஃப்ளூயிட் போயிட்டு இருக்கும்போது ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு, "மேடம், போலஸ் (ஃப்ளூயிட்ட ஒரே மூச்சுல வேகமா ஏத்தறது) குடுத்தா சாவு கூடும்னு ஒரு ட்ரையல் இருக்காமே, அப்ப நாம பண்றது தப்பா?"ன்னு கேட்டா. எனக்கும் அந்த நம்பர் ஞாபகம் இல்ல, நாளைக்கு நீயே பாத்துட்டு வந்து சொல்லும்மான்னேன். மறுநாள் கேஸ் ஷீட் பின்பக்கத்துல எழுதிக்கிட்டு வந்தா. ஃபீஸ்ட் ட்ரையல், 2011, உகாண்டா, கென்யா, தான்சானியா, 3141 குழந்தைங்க. 48 மணி நேரத்துல இறப்பு சலைன் போலஸ் போட்டவங்கள்ல 10.5 சதவீதம், போடாதவங்கள்ல 7.3. வித்தியாசம் 3.2, அப்ப சுமார் 31 பேருக்கு போலஸ் போட்டா ஒரு உயிர் கூடுதலா போகுது. சொல்லிட்டு அவளே, "ஆனா மேடம், அதுல பாதிக்கு மேல மலேரியா, ஐசியு வசதி இல்லாத ஆஸ்பத்திரிங்க, இவனுக்கு ரத்தக்குழாய்லேர்ந்து பிளாஸ்மா லீக் ஆகுது, அத அப்படியே இங்க கொண்டு வர முடியாது"ன்னா. எந்த ஒர்க்‌ஷாப்லயும் இந்த வாக்கியத்த ஒரு பிஜி வாயிலேர்ந்து நான் கேட்டதில்ல.

அதனால என் ஓட்டு ரவுண்ட்ஸுக்கு. குறையும் இருக்கு, அறுபது பெட் பாக்குற காலையில நின்னு பேச நேரம் கிடைக்காது, அதோட சீஃப் "எனக்கும் தெரியல"ன்னு சொல்லத் தயங்கினா கீழ இருக்கவங்க வாயே தொறக்க மாட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல ஈபிஎம் முன்னோடி டேவிட் சாக்கெட்டோட குழு ஆதாரங்கள ஒரு வண்டில வச்சு வார்டுக்கே கொண்டு வந்து பாத்தாங்க, வண்டிய எடுத்ததும் ஆதாரம் தேவைப்பட்ட தடவைகள்ல 12 சதவீதம்தான் டாக்டர்கள் தேடினாங்கன்னு 1998ல எழுதினாங்க. கை எட்டுற தூரத்துல இருந்தாதான் தேடுவாங்க, இன்னிக்கு போன் பாக்கெட்லயே இருக்கு.

இப்ப எங்க யூனிட்ல டிராலில ஒரு நோட்டு கிடக்கு, ரவுண்ட்ஸ்ல வர்ற கேள்விய பெட் நம்பரோட அதுல எழுதணும், வியாழக்கிழமை ஜர்னல் கிளப்புக்கு அதுலேர்ந்துதான் ஒண்ண எடுக்கறோம். நைட் டியூட்டி பாத்தவங்களுக்கு மட்டும் அந்த வாரம் பேப்பர் வாசிக்கிற வேலை கிடையாது.