டொராண்டோ குளிரில் ஈழத்தலரி: உறங்க விடுவதா, விழித்திருக்க வைப்பதா?

ஊரில் கோயில் வாசலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கொட்டும் மரம் ஈழத்தலரி. பெருங்கள்ளி என்றும் சொல்வார்கள். இங்கே கடைகளில் புளூமேரியா என்ற அட்டையோடு நிற்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அதைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: இனி இதை எங்கே வைப்பது?

இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் செடியின் வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் தண்டின் நுனி கறுத்து அழுகும். ஆகவே உள்ளே கொண்டுவந்தே ஆகவேண்டும். கொண்டுவந்த பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

பெயரில் ஈழம் இருந்தாலும் இதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். அங்கே மழையில்லாத மாதங்களில் இலைகளை உதிர்த்து, தடித்த தண்டில் சேர்த்துவைத்த நீரைக் கொண்டு அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். குளிர்காலத்தில் நாம் செய்யவேண்டியது அந்த வறட்சியை அதற்குத் திருப்பிக் கொடுப்பதுதான்.

முதல் வழி, தொட்டியோடு நிலக்கீழ் அறையில் உறங்கவிடுவது. செப்டம்பர் நடுவிலிருந்து தண்ணீரைக் குறைத்து, உள்ளே கொண்டுவந்ததும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். இலைகள் பழுத்து உதிரும். வெளிச்சம் தேவையில்லை. 10 முதல் 15 டிகிரி போதும். எனவே வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் வைக்காமல், குளிர்ச்சியான வெளிச்சுவர் ஓரம் வையுங்கள். சூடேற்றாத கராஜில் வைக்கலாம் என்று அமெரிக்காவின் தென்மாநிலத்துக்காரர்கள் எழுதுவார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. ஜனவரியில் மைனஸ் 20 வரை இறங்கும் இந்த ஊரில் அப்படிச் செய்தால் செடி உறைந்துபோகும்.

இந்த வழியில் செடியைக் கொல்வது குளிரைவிட நம் பாசம்தான். என் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன். இலையில்லாமல் மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். இலையில்லாத செடியால் அந்த நீரைக் குடித்துத் தீர்க்க முடியாது. ஈரம் குளிர்ந்த மண்ணிலேயே தங்கி வேரை அழுகவைத்துவிட்டது. மார்ச்சில் தண்டை அழுத்தியபோது விரல் உள்ளே போனது. தண்டு லேசாகச் சுருங்கினால் பயப்படாதீர்கள், வசந்தத்தில் நீர் கிடைத்ததும் பழையபடி திரண்டுவிடும். கொழகொழவென்று மென்மையானால்தான் ஆபத்து. அப்போது உள்சதை கறையில்லாமல் வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறியுங்கள். மிஞ்சிய நல்ல தண்டை ஓரிரு வாரம் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் ஆறியதும் புதிதாக வேர்பிடிக்க வைக்கலாம். வெட்டும்போது வடியும் பால் தோலில் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, வேரைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கவைப்பது. இடம் மிச்சம். கனமான தொட்டியைப் படியிறக்க வேண்டாம். மண்ணே இல்லாததால் ஈரத்தில் அழுகும் பயமும் குறைவு. ஆனால் பிடுங்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகின்றன. வசந்தத்தில் மறுபடி நட்டால், அந்த வேர்கள் திரும்ப வளர்வதிலேயே முதல் சில வாரங்கள் போய்விடும். வெப்பம் ஆண்டு முழுவதும் இருக்கும் ஊரில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை. நமக்கு வெளியே கிடைப்பதோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதம். பூக்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். அதற்கு முன் செடி இலை விட்டுத் திடம்பெற வேண்டும். நான் பிடுங்கி வைத்த செடியில் மொட்டு வந்தபோது ஆகஸ்ட் முடிந்துவிட்டது. ஒரு பூ விரிவதற்குள் குளிர் வந்தது. பத்துச் செடி வைத்திருந்து இடத்துக்குத் திண்டாடுகிறவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

மூன்றாவது வழி, எல்இடி விளக்கின் கீழ் வரவேற்பறையிலேயே விழித்திருக்க வைப்பது. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரியவேண்டும். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் தண்டு மெலிந்து நீண்டு கோணலாகும். இதைவிடப் பெரிய தொல்லை செஞ்சிலந்திப் பேன். சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் அது இலையின் அடிப்புறத்தில் பெருகிவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வோர் இலையையும் திருப்பி ஈரத்துணியால் துடைக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு, உறங்கி எழுந்த செடியைவிட இது அதிகமாகப் பூத்ததை நான் பார்க்கவில்லை.

ஆனாலும் இரண்டு வகைக்கு இந்த வழிதான் வேண்டும். ஒன்று, விதையிலிருந்து முளைத்த முதலாண்டு நாற்றுகளும் இன்னும் சரியாக வேர்விடாத குச்சிகளும். நீண்ட உறக்கத்தைத் தாங்கும் சேமிப்பு அவற்றின் தண்டில் இருக்காது. மற்றொன்று, மழுங்கிய நுனியுள்ள கரும்பச்சை இலைகளோடு வெள்ளைப் பூ பூக்கும் ஒப்டூசா இனம். ருப்ரா இனம்போல அது இலையுதிர்த்து உறங்குவதில்லை. வாங்கும்போதே இலை நுனியைப் பாருங்கள். கூராக இருந்தால் அநேகமாக ருப்ரா, நிலக்கீழ் அறைக்கு ஏற்றது.

வேர்பிடித்து வளர்ந்த ருப்ராவுக்கு என் தேர்வு முதல் வழிதான், ஒரு சிறு மாற்றத்தோடு. மார்ச் கடைசியில் தொட்டியை வெயில் விழும் தெற்கு ஜன்னலுக்கு ஏற்றிவிடுகிறேன். நுனியில் இலைகள் நகம்போல் எட்டிப்பார்த்து, விரல் நீளம் வளரும்வரை தண்ணீர் தருவதில்லை. மே மாதம் பகலில் மட்டும் வெளியே நிழலில் வைத்துப் பழக்குகிறேன். நேரே வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை மட்டுமின்றித் தண்டும் வெந்துவிடும். ஜூன் முதல் வாரத்தில், இரவுகள் 10 டிகிரிக்கு மேலே நிலைத்ததும், முழு வெயிலுக்கு மாற்றுகிறேன். சென்ற ஆண்டு அக்டோபரில் விரியாமல் நின்ற ஒரு மொட்டுக்கொத்தை வெட்டாமல் அப்படியே உறங்கவிட்டேன். ஐந்து மாத இருட்டில் அது உதிராமல் காத்திருந்து, ஜூலையில் அதே கொத்து விரிந்தது.