எப்போதாவது ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டி: பாகம் மாற்றுவதா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

இருபது வயதை நெருங்கும் என் வண்டி, பத்துத் தடவைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மட்டும் மூச்சு விடாது. நாலைந்து முறை திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினாலோ, முதல் திருப்பலிலேயே கிளம்பிவிடும். பல் டாக்டர் வாசலில் போய் நின்றதும் வலி காணாமல் போகுமே, அதே கதைதான்.

இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மூன்று வழி உண்டு. சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஸ்கேனரைச் செருகி, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழை எண்ணை, அதாவது ‘கோடு’ (code), படிக்கலாம். வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து மின்சாரம் எந்த இடத்தில் தொலைகிறது என்று தேடலாம். நான் மூன்றையும் இதே வரிசையில் செய்தேன். மீட்டரை முதலில் எடுத்திருந்தால் ஒரு பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் மிச்சமாகியிருக்கும்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் சுற்றவே இல்லையா, சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. சுற்றவில்லை என்றால் காதைக் கொடுங்கள். டக டக டக என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையேல் அதன் டெர்மினல் பூத்திருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் தடித்த கேபிள், எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு சேர்க்கும் கம்பி), செல்ஃபுக்குப் பேட்டரி மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குள் இருக்கும் செப்புக் காண்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று பார்க்கலாம். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய கம்பியில்தான் வில்லங்கம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி பக்கம் போங்கள். கொஞ்சமும் மங்காமல் நின்றால் செல்ஃபுக்கு மின்சாரமே போகவில்லை.

என் வண்டியில் வெளிச்சம் துளியும் மங்கவில்லை. இது தெரிந்திருந்தும் நான் பேட்டரியை மாற்றினேன் என்பதுதான் கொடுமை.

பாகம் மாற்றுவதில் ஒரு வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. கருவி வேண்டாம், யோசிக்க வேண்டாம், பழைய வண்டியில் எப்படியும் தேய்ந்திருக்கும் பாகம் புதிதாகிறது. எப்போதுமே ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு இது ஓரளவு சரி. மாற்றியதும் ஓடினால் விடை தெரிந்துவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்தச் சோதனையே பொய்த்துவிடுகிறது. பேட்டரி மாற்றிய பிறகு மூன்று வாரம் வண்டி தங்கமாக ஓடியது. பேட்டரிதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கோளாறு தன் பாட்டுக்கு ஒதுங்கியிருந்தது, பெயர் புது பேட்டரிக்குப் போனது. அப்புறம் மோட்டார். கழற்றி மாட்டும்போது கம்பிகள் அசைந்து, இணைப்புகள் உரசிச் சுத்தமானதிலோ என்னவோ, இன்னொரு இரண்டு வாரம் நிம்மதி. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ஸ்கேனரைப் பற்றி நான் பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். அதில் எனக்கு அனுபவம் குறைவு. கையடக்க ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வைத்துத்தான் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் சாவி, சுவிட்ச், சொலினாய்டு என்று போகும் அந்தப் பாதையில் கம்ப்யூட்டருக்கு வேலையே கிடையாது. தான் பார்க்காத இடத்தைப் பற்றி அது என்ன சொல்லும்? அமெரிக்காவில் 1996-ஆம் வருட மாடலிலிருந்துதான் கார்களில் ஓபிடி-2 என்ற பொதுவான ஸ்கேனர் இணைப்பு முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் பொதுவான ஸ்கேனரைச் செருக இடமே இல்லாமல் போகலாம்.

ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத வண்டி என்றால் நானே ஸ்கேனரைத்தான் முதலில் எடுப்பேன். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறும் ரகம். சுற்றும்போது ஸ்கேனர் உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகம் நேராக அதன்மேல்தான். அதற்கான பி0335 கோடு சில நேரம் பதிவாகும், சில நேரம் ஆகாது. சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ரீங்காரமிடுகிறதா என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இனி மல்டிமீட்டர். என் வோட்டு இதற்குத்தான். இதை மறைத்து நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

எல்லோரும் செய்யும் முதல் அளவு பேட்டரி வோல்ட்டேஜ். ஓய்வில் 12.6 வந்தால் முழுச் சார்ஜ், 12.0-க்குப் பக்கத்தில் வந்தால் காலியாகப் போகிறது, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஏமாந்தது அடுத்த படியில். பாதையில் இருக்கும் சுவிட்ச்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்துச் சோதித்தேன். இக்னிஷன் சுவிட்ச் பீப். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகவிடும் அந்தச் சின்ன சுவிட்ச், அதுவும் பீப். எல்லாம் பாஸ்.

பீப் சத்தத்தை நம்பியதுதான் தப்பு. மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்புவது எறும்பு அளவு மின்சாரம். சொலினாய்டு முதல் இழுப்பில் கேட்பது சில பத்து ஆம்பியர். ஒரு காண்டாக்ட் தேய்ந்து 0.2 ஓம் தடை வந்தாலே போதும், 25 ஆம்பியர் போகும்போது அங்கே 5 வோல்ட் தொலைந்துவிடும். அந்த 0.2 ஓமை ஓம் நிலையில் வைத்தும் பிடிக்க முடியாது. மீட்டரின் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், அதுவே ஏறக்குறைய அவ்வளவு காட்டும். ஆகவே, பாதையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், வோல்ட் நிலையில் அளக்க வேண்டும்.

ஓடும்போது அளப்பது என்றால், கோளாறு வரும் அந்த நொடியில் மீட்டர் அங்கே இருக்க வேண்டும். மற்ற இரண்டு வழிகளும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கோளாறு வந்த பிறகுதான் புதுப் பாகம் வாங்க ஓடுகிறோம். ஸ்கேனரும் வந்து போனதன் தடயத்தைத்தான் தேடுகிறது. மீட்டரை மட்டும்தான் முன்னாலேயே கொண்டுபோய்ப் பதுங்க வைக்க முடியும்.

நான் செய்தது இதுதான். சொலினாய்டில் மெல்லிய கம்பி மாட்டும் முனையோடு இன்னொரு நீளக் கம்பியைச் சேர்த்தேன். அந்த முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. வழியில் கம்பி எங்காவது நசுங்கி வண்டியின் பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கக் கூடாது, இதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். சைலன்சர் சூடும் பெல்ட்டும் தொடாதபடி கம்பியை பானெட் ஓரமாக இழுத்து, கதவு இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் கிடந்த மீட்டரின் சிவப்பு முனையில் கட்டினேன். கருப்பு முனை பாடியின் எர்த்தில். அவ்வளவுதான். பதினோரு நாள் மீட்டரோடு குடித்தனம். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பேன், பத்துக்கு மேல் ஏதோ எண் மின்னும், வண்டி கிளம்பும்.

பதினோராம் நாள் மாலை சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை. மீட்டரில் 7.4. சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன், எண் 7.3-க்கும் 7.5-க்கும் நடுவே ஆடியது. கிளட்ச் பெடலை இன்னும் ஓங்கி மிதித்தேன். 10.8-க்குத் தாவியது, செல்ஃப் சுற்றியது. அடுத்த நிமிடமே இன்ஜினை அணைத்து, மிதியை வேண்டுமென்றே அரைகுறையாக அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் ஏழு சொச்சம். ‘பீப்’ என்று நற்சான்று வாங்கிய அதே கிளட்ச் சுவிட்ச். பிரித்துப் பார்த்தபோது காண்டாக்ட் ஒன்றில் மிளகு அளவுக்குக் கருகிய பள்ளம்.

இதற்காக எல்லோரும் கிளட்ச் சுவிட்சைக் கழற்ற ஓடாதீர்கள். உங்கள் மீட்டரில் பத்துக்கு மேல் வந்தும் செல்ஃப் சுற்றாவிட்டால், சுவிட்ச் பக்கம் குற்றமில்லை. சொலினாய்டு அல்லது மோட்டார், இல்லையேல் தடித்த கேபிள். அப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கியர் நிலையைப் பார்க்கும் சுவிட்ச் இருக்கும். கோளாறு வரும் நொடியில் லீவரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு நகர்த்திப் பார்க்கலாம். அதை நான் சொந்தக் கையால் செய்ததில்லை. டீசல் வண்டியில் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக் விவகாரத்திலும் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

புது சுவிட்ச் போட்டதோடு, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்றையும் சேர்த்தேன். சொலினாய்டு கேட்கும் மின்சாரம் இப்போது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு வந்து நேராகப் போகிறது. கிளட்ச் சுவிட்ச் ரிலேயின் சுருளுக்கான 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தை மட்டும் சுமக்கிறது. ஏழு மாதமாக ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. ஆனாலும் அந்த நீளக் கம்பியை இன்னும் கழற்றவில்லை, சுருட்டி மிதியடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.