லாரி ஃபேன் கிளட்ச் பழுதா? கையால் சுற்றிப் பார்ப்பதா, அட்டை வைத்துப் பார்ப்பதா

மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகிற வண்டி. தேனி, கம்பம் வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சிவப்பைத் தொட்டுவிடும். ஒரு மே மாதம் முழுக்க இப்படித்தான் அல்லாடினேன். இன்ஜின் பெல்ட் சுற்றும் புல்லியோடு ரேடியேட்டர் ஃபேனைச் சூட்டுக்குத் தக்கபடி சேர்த்தும் விட்டும் ஓட்டுவதுதான் ஃபேன் கிளட்ச். சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடுவதால் ஃபேன் சரியாகச் சுற்றாவிட்டாலும் தெரியாது. லோடோடு சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும்.

காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் ஃபேனை ஒரு தள்ளு தள்ளினார், அரைச் சுற்றில் நின்றது. “கிளட்ச் நல்லாத்தாண்ணே இருக்கு, தெர்மோஸ்டாட்தான்” என்றார். கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் அந்த வால்வை மாற்றினோம். அடுத்த நடையில் அதே வளைவில் அதே கதை.

கையால் சுற்றிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. காசு செலவில்லை, சாவியைக் கழற்றிவிட்டால் ஆபத்தும் இல்லை, ஒரு நிமிட வேலை. ஃபேன் தடையே இல்லாமல் நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் போய்விட்டது. அசையவே மறுத்தால் ஜாம். இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கால் அங்குலத்துக்கு மேல் ஆட்டம் இருக்கிறதென்றால் பேரிங் போச்சு. பேரிங்கைச் சுற்றி ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். இவ்வளவுதான் அது சொல்லும்.

கிளட்ச் சூட்டில் பிடிக்குமா என்பதை அது சொல்லாது. ஏனென்றால் அந்த வேலையைச் செய்வது முன்முகத்தில் இருக்கும் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் அந்தச் சுருள் திரும்பி வால்வைத் திறக்கும், ஆயில் கிளட்சுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்களுக்குள் புகும், ஃபேன் புல்லியோடு சேர்ந்து சுற்றும். சுருள் செத்துப்போயிருந்தாலும் குளிர்ந்த நேரத்தில் உள்ளே தங்கிய ஆயிலால் கைக்கு நல்ல தடை தெரியும். என் வண்டி பாஸ் ஆனது இப்படித்தான்.

அட்டை வைத்துப் பார்ப்பது கொஞ்சம் மெனக்கெடும் வேலை. ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய அட்டையை வைத்துப் பெரும்பகுதியை மறைத்துவிட்டு, இன்ஜினை 1500 ஆர்பிஎம் வாக்கில் விட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் முள் சிவப்புக்குப் போகும் முன்பே ‘ஹோ’வென்று இரைச்சல் கிளம்பும். அட்டையை எடுத்ததும் சூடு இறங்கி, சற்று நேரத்தில் இரைச்சலும் அடங்கும். பிடிப்பதும் விடுவதும் ரெண்டுமே கண்முன் தெரிந்துவிடும், கைச் சோதனையில் இது கிடைக்கவே கிடைக்காது. இரைச்சலே வராமல் முள் சிவப்பை நெருங்கினால் உடனே அட்டையை எடுத்துவிடுங்கள், கிளட்ச் காலி. அதோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாமென்று நினைக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் இரைச்சல் வரும், ஆயில் உள்ளே இறங்கி நின்றதால். அது அடங்கிய பிறகே அட்டையை வையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாறுவீர்கள். அடங்கவே அடங்காவிட்டால் கிளட்ச் எப்போதும் பிடித்தபடியே இருக்கிறது, டீசல் வீணாகிறது.

சுற்றும் ஃபேனை சுருட்டிய பேப்பரால் நிறுத்திப் பார்க்கும் வித்தைக்கு என் ஓட்டு கிடையாது. விரல் பத்திரம். அதற்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டி டிஜிட்டல் டேகோமீட்டரில் ஃபேனின் சுற்றையும் புல்லியின் சுற்றையும் அளந்து பார்க்கலாம், அட்டைச் சோதனையோடு சேர்த்தால் இதுதான் கைதேர்ந்த முறை. கிளட்சுக்கு வயர் போகும் புது வண்டிகளில் முதலில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுங்கள்.

என் வண்டியில் அட்டை வைத்த ஏழாவது நிமிடம் முள் ஏறிக்கொண்டே போனது, ஃபேன் கம்மென்று இருந்தது. அப்போதும் ரெண்டாவது மெக்கானிக் உடனே கிளட்சில் கைவைக்கவில்லை. ரேடியேட்டர் வெளிப்பக்கம் வைக்கோல், பூச்சி அடைத்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ரெண்டும் சுத்தம்.

“போல்ட் போட்டு லாக் பண்ணிரட்டுமா தம்பி?” என்று கேட்டார். அப்படிச் செய்தால் ஃபேன் எப்போதும் புல்லியோடு சேர்ந்தே சுற்றும், நிறைய வண்டியில் இப்படித்தான் ஓடுகிறது. வேண்டாமென்றேன். ஃபேனின் சுற்று ரெட்டிப்பானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்கு, நாள் முழுக்க அதற்கு டீசல் போட என்னால் முடியாது. கடையில் புது கிளட்ச் அலமாரியில் படுத்துக் கிடந்தது. நிமிர்த்தி நிறுத்தி வைத்திருந்த வேறொன்றைக் கேட்டு வாங்கினேன்; படுக்கப் போட்டால் ஆயில் இறங்கி பேரிங் பக்கம் போய்விடும்.