பேய்ப்பட ஷாட்டுகள்: பல வருடம் பயன்படுத்திப் பார்த்ததில் எது தேறியது

சில வருடங்களாக நண்பர்களோடு சேர்ந்து பேய்க் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மிரர்லெஸ் கேமரா, 24 எம்.எம்., 50 எம்.எம். என்று இரண்டு லென்ஸ் (முதலாவது இடத்தை அகலமாகக் காட்டும், இரண்டாவது நெருக்கமாக), கனமான ட்ரைபாட் ஒன்று, தேவைப்பட்டால் வாடகைக்கு ஒரு கிம்பல் (கையில் பிடித்து நடந்தாலும் கேமராவைக் குலுங்காமல் வைத்திருக்கும் கருவி), அவ்வளவுதான் கைவசம். இந்தச் சாமான்களுக்கெல்லாம் ரிவ்யூ ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நான் எழுத நினைத்தது ஷாட்டுகளைப் பற்றி. எந்த ஷாட் எத்தனை முறை வைத்தாலும் பார்ப்பவரைப் பதற வைக்கிறது, எது இரண்டாவது படத்திலேயே சலித்துவிடுகிறது என்று.

முதலிடம் அசையாத வைடு ஷாட்டுக்குத்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆளை ஃப்ரேமின் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மீதி இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். பேய்ப்படம் என்று தெரிந்துதானே வந்து உட்கார்கிறார்கள், அந்தக் காலி இடத்தை அவர்களே துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். பழைய ஓட்டு வீடு ஒன்றில் எடுத்தோம். அந்த மாதிரி வீடுகளில் வாசல், ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். வாசல் பக்கம் கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து, 24 எம்.எம். போட்டு, கூடத்தின் இடது ஓரத்தில் ஒரு அம்மா பூக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் கொல்லைக் கதவு வரைக்கும் இருட்டாக விட்டோம். கதவுக்கு மேலே மட்டும் ஒரு மங்கலான பல்பு. அந்தப் பல்பு இல்லாவிட்டால் இருட்டு வெறும் கறுப்பாகிவிடும், ஆழமே தெரியாது. பல்பு இருந்தால் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது தெரியும், அந்தத் தூரத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தோன்றும். அந்த ஷாட்டில் யாருமே வரவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேசியது அந்த ஷாட்டைப் பற்றித்தான்.

1990இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட் 3’ படத்தின் ஆஸ்பத்திரி நடைவழிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கேமரா தூரத்தில் நின்றபடி நர்ஸ் வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ரொம்ப நேரம், நமக்கே பொறுமை போகிற அளவுக்கு. அதற்கப்புறம் வரும் அந்த ஒரே ஒரு ஜூம் அவ்வளவு பலமாக விழுவதற்குக் காரணம் அதற்கு முன்னால் காத்திருந்த நேரம்தான். எடிட்டிங்கில் எல்லோரும் கைவைக்க நினைக்கும் இடமும் இதுதான். “இங்கே ஒரு க்ளோசப் சொருகலாமே” என்பார் எடிட்டர். வேண்டாம். கட் பண்ணிய அந்த நொடியில் பார்ப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது மறைக்கிற ஷாட். கதவு, தூண், பீரோ, ஏதாவது ஒன்று ஆளைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 1968இல் வந்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் ஒரு பாட்டி அறைக்குள் உட்கார்ந்து போனில் பேசுவார். ஒளிப்பதிவாளர் ஃப்ரேக்கர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரிதான் முதலில் ஃப்ரேம் வைத்தாராம். இயக்குநர் போலன்ஸ்கி கேமராவை நகர்த்தச் சொல்லி, கதவு நிலை முகத்தை மறைக்கும்படி செய்தார். தியேட்டரில் ஜனங்கள் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்ததைப் பிறகு ஃப்ரேக்கரே சொல்லியிருக்கிறார். இந்த ஷாட்டுக்குப் பைசா செலவில்லை, ட்ரைபாடை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.

டாப் ஆங்கிள் ஆளைச் சின்னதாக, தப்பிக்க வழியில்லாத மாதிரி காட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதை அடுத்த ஷாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960இன் ‘சைக்கோ’வில் துப்பறிவாளர் மாடிப்படி ஏறும்போது ஹிட்ச்காக் கேமராவை உச்சியில் வைத்தது, கத்தியோடு வருபவரின் முகத்தை மறைக்க மட்டும் இல்லை. உச்சியிலிருந்து பார்க்கும் சின்ன உருவத்திலிருந்து ஒரே ஒரு ‘கட்’ மூலம் திரை நிறையும் பெரிய முகத்துக்குப் போனால் அந்த அளவு வித்தியாசமே தூக்கிவாரிப் போடும். நாங்கள் மாடியிலிருந்து முற்றத்தைப் பார்த்து வைத்த ஷாட், அடுத்து 50 எம்.எம்.மில் க்ளோசப் வந்த பிறகுதான் உயிர் பெற்றது.

கிம்பல் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். கேமரா மிதந்துகொண்டே ஆளின் பின்னால் போனால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். 1980இல் ‘தி ஷைனிங்’கில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்குப் பின்னால் ஸ்டெடிகேம் (இதுவும் கேமராவைக் குலுங்காமல் நகர்த்தும் கருவிதான்) தரையை ஒட்டிப் போவது அதனால்தான் வேலை செய்கிறது, அந்த ஹோட்டலே அவன் பின்னால் வருகிறது. கதையில் பின்தொடர எதுவும் இல்லையென்றால் கிம்பலை எடுக்காதீர்கள், அழகாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. ஓட்டமான பி.ஓ.வி. (துரத்தி வருவதன் கண்ணால் பார்க்கிற மாதிரி ஷாட்) வேண்டுமா, 1981இன் ‘ஈவில் டெட்’காரர்கள் ஒரு மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைக் கட்டி இருபுறமும் ஆள் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். நாங்களும் தென்னந்தோப்பில் அப்படி ஓடிப் பார்த்தோம், கிம்பலில் வராத ஒரு மூர்க்கம் அதில் வருகிறது.

லோ ஆங்கிள் வைத்தால் நம் வீடுகளில் சீலிங் ஃபேன் ஃப்ரேமுக்குள் வந்துவிடும், அதை மெதுவாகச் சுற்றவிட்டால் நல்லதுதான். சாய்த்து வைக்கும் டச் ஆங்கிள் எனக்கு ஒத்துவரவே இல்லை. பயப்படுங்கள் என்று கேமராவே கட்டளை போடுகிற மாதிரி இருக்கிறது, பார்ப்பவர் உடனே உஷாராகிவிடுகிறார்.

பலரும் கண்டுகொள்ளாத ஒன்று மெதுவான ‘பேன்’, அதாவது கேமராவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திருப்புவது. 2011இன் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி 3’இல் கேமராவை டேபிள் ஃபேனின் அடிப்பாகத்தில் கட்டிவிடுவார்கள், அது பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் அவசரமாகப் பார்க்க வேண்டுமோ அங்கே அது அவசரப்படாது. கையால் செய்தால் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஒரே வேகத்தில் திருப்ப வேண்டும், நடிகர் அலறினாலும் வேகம் மாறக் கூடாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வைடு ஷாட்டுகள் எல்லாம் பெரிய திரைக்குத்தான் முழுதாகப் பலன் தரும். குறும்படத்தைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறார்கள், அதுவும் பஸ்ஸில் வெயில் அடிக்கும்போது. கொல்லைக் கதவருகே ஒரு உருவத்தை நிறுத்தினால் அந்தத் திரையில் அது ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் இப்போதெல்லாம் ஒத்திகையின்போதே ஃப்ரேமைப் போனில் அனுப்பி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறோம். தெரியவில்லையென்றால் உருவத்தை முற்றத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறோம். கேமரா இருந்த இடத்திலேயே இருக்கும்.