புது டிரைவருக்குத் தனி அடையாளம்: யாருடைய முறை நமக்கு ஒத்துவரும்?

எல்எல்ஆர் வைத்து ஓட்டும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். லைசென்ஸ் வந்ததும் எல் போர்டைக் கழற்றிவிடலாம். அதுவரை பக்கத்தில் மாஸ்டர் இருந்தார், அவர் காலடியில் ஒரு பிரேக்கும் இருந்தது. மறுநாள் இரண்டும் இல்லை. அடையாளம் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கழற்றப்படுகிறது. இந்த இடைவெளியை வேறு சில நாடுகள் ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கின்றன.

பிரிட்டனில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் மாட்டும் பச்சை ‘பி’ தகடு அவரவர் விருப்பம். ஆனால் லைசென்ஸ் வாங்கிய 2 ஆண்டுக்குள், விதியை மீறும்போது போடப்படும் அபராதப் புள்ளிகள் 6 சேர்ந்துவிட்டால் லைசென்ஸ் ரத்து; மறுபடி எல் போர்டிலிருந்து தொடங்க வேண்டும். 1997 முதல் இதுதான் நடைமுறை. இது புது டிரைவரை அடக்கிவைக்கும், சரி. பின்னால் வருபவருக்கு என்ன தெரியும்? விருப்பம் என்று விட்டால் பயந்து ஓட்டுபவர்தான் தகடு மாட்டுவார். வேகப் பித்துப் பிடித்த பையன் மாட்டவே மாட்டான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இதற்கு நேரெதிர். குறைந்தது 12 மாதம் சிவப்பு பி, அப்புறம் 24 மாதம் பச்சை பி, இரண்டும் கட்டாயம். சிவப்பில் 90 கிலோமீட்டர் வேகத்தையும் பச்சையில் 100-ஐயும் தாண்டக் கூடாது. இரண்டிலும் மது துளியும் கூடாது. இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சிவப்பு பி-யில் ஓட்டும் 25 வயதுக்குட்பட்டவர் இரவு 11 முதல் காலை 5 மணி வரை, 21 வயதுக்குக் குறைந்த ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். இளவட்டங்கள் நாலைந்து பேர் நள்ளிரவில் ஒரே காரில் கிளம்பினால் என்ன ஆகும் என்பது நம் ஈசிஆர் ரோட்டுக்கும் தெரியும். தகடு இருப்பதால்தான் போலீஸால் இந்த விதியைப் பார்த்த மாத்திரத்தில் அமல்படுத்த முடிகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு ‘பி’ ஸ்டிக்கர் பழகிப்போன சங்கதி. அங்கே 2 ஆண்டு ஒட்ட வேண்டும்.

என் ஓட்டு ஜப்பானுக்கு. 1972-லிருந்து அங்கே பச்சையும் மஞ்சளுமாக ஓர் இளந்தளிர்ச் சின்னம் இருக்கிறது. கார் லைசென்ஸ் வாங்கிய முதல் ஓராண்டு முன்னும் பின்னும் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் 4,000 யென் அபராதம். முக்கியமானது அடுத்த விதி. தளிர் உள்ள வண்டியை, ஆபத்தைத் தவிர்க்க வேண்டிய அவசியம் இல்லாமல், பக்கவாட்டில் நெருக்கினாலோ அதன் முன்னால் ஆபத்தாகப் புகுந்தாலோ, அப்படிச் செய்தவருக்கு 6,000 யென். சின்னத்தை மறந்தவரைவிட, சின்னத்தைப் பார்த்தும் நெருக்கியவருக்குத் தண்டனை அதிகம்! மற்ற இடங்களில் தகடு புதியவரைக் கட்டிப்போடுகிறது. இங்கே அனுபவசாலிக்கும் பொறுப்பு கொடுக்கிறது.

நமக்கு வேண்டியது இதுதான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் டிராஃபிக் நின்றுவிட்டது என்று வையுங்கள். புதியவருக்குக் கிளட்ச்சை எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. வண்டி ஒரு முழம் பின்னால் உருளுகிறது. பதறிக் காலை எடுக்க இஞ்சின் ஆஃப். பின்னால் பம்பரை ஒட்டி ஓர் ஆட்டோ, அதற்குப் பின்னால் பஸ், விடாத ஹார்ன். ஹார்ன் அடிக்க அடிக்கக் கால் இன்னும் நடுங்கும். ஒரு சின்னத்தைப் பார்த்துப் பின்வண்டி ஆறடி தள்ளி நின்றிருந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிதானமாகக் கிளம்பியிருப்பார்.

அடையாளம் வைத்தால் புதியவர், அதுவும் தனியாக ஓட்டும் பெண் என்றால், சீண்டுகிறார்கள் என்பது நியாயமான பயம். அதனால்தான் சீண்டுபவருக்கு அபராதம் இல்லாத கட்டாயத் தகட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல்: ஒரே காரை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஓட்டும் வீடுகள் நம்மிடம் அதிகம். நிரந்தரமாக ஒட்டும் ஸ்டிக்கர் அங்கே உதவாது. இப்போதே லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆனபின்னும் பின்கண்ணாடியில் சிவப்பு ‘எல்’ ஒட்டியபடி ஓடும் கார்கள் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து யாரும் அதை மதிப்பதில்லை. பிளாஸ்டிக் பம்பரில் பிடிக்காது என்றாலும், தகரத்தில் ஒட்டி எடுக்கிற காந்தத் தகடுதான் சரி. லைசென்ஸ் கார்டோடு அரசே ஒரு ஜோடி கொடுக்கட்டும். ஓராண்டு முடியும் தேதியையும் அதிலேயே அச்சடித்துவிடலாம்.