கைப்பிடி மீட்டர்: அம்மாவும் நானும் மூன்றரை வருஷம் அமுக்கிப் பார்த்ததில்

2022 தை மாதம், கல்லிடைக்குறிச்சி படித்துறையில் குளித்துவிட்டு ஏறும்போது அம்மா நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். வழுக்கவில்லை, மயக்கமும் இல்லை. “கால்ல சத்து இல்லட்டி, கொஞ்சம் நில்லு” என்றாள். அப்போது அவளுக்கு 76 வயது. ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. முதலில் பார்த்த டாக்டர், “வயசாகுதுல்லா” என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த ஒரு சொல்லோடு விட எனக்கு மனசில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் கைப்பிடி மீட்டரை, அதாவது கை எவ்வளவு பலமாக அமுக்குகிறது என்று கிலோவில் காட்டும் இந்தக் கருவியை, அம்மா கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். 13.4 கிலோ காட்டியது. ஆசிய நாட்டு மருத்துவர்கள் 2019இல் வகுத்த அளவுப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் தசை வலு குறைவு என்று அர்த்தம். கையில் பிடித்துப் பார்ப்பது கையைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிடியில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. மேல் ரத்த அழுத்தத்தை விடவும் பிடிவலு நன்றாக முன்னறிவித்தது. அடுத்த வாரமே இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று வாங்கினேன்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்கள் பலரும் இதைச் செய்வார்கள். எண் ஏற வேண்டும் என்று கைக்கு ஸ்பிரிங் வாங்கி, இருவரும் டிவி பார்த்துக்கொண்டே அமுக்கினோம். இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு 15 தாண்டியது. ஆனால் படித்துறையில் அதே நாலாவது படி, அதே மூச்சு. தெர்மாமீட்டரை வென்னீரில் முக்கினால் பாதரசம் ஏறும், உடம்பில் காய்ச்சல் வந்துவிடாது. பிடிவலு உடம்பு முழுக்க இருக்கிற தசையின் கணக்கைக் காட்டுகிறது. விரலை மட்டும் பழக்கினால் கணக்கு பொய்யாகிவிடுகிறது.

ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலில் ஆரம்பித்தோம். நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடிக்கு மேல் ஆனால் வலு குறைவு. அம்மாவால் முதலில் ஒரு தடவைகூட முடியவில்லை. உட்காரும் பலகையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். அப்புறம் இரண்டு மஞ்சப்பையில் ஒவ்வொரு கிலோ அரிசி போட்டு, பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடை. இப்போது மூன்று கிலோவுக்கு வந்திருக்கிறாள். “எழுவத்தாறு வயசுல பயில்வான் ஆவணுமாக்கும்” என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவளிடம் பாஸ்டன் கதையைச் சொன்னேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளு தூக்கப் பழக்கினார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வந்த ஆய்வு அது. அம்மா அதற்குமேல் மறுபேச்சுப் பேசவில்லை.

சாப்பாட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ராத்திரி வெறும் ரசஞ்சோறுதான் அவளுக்குப் பழக்கம். 65 தாண்டியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 48 கிலோ இருக்கிற அம்மாவுக்கு நாளைக்கு 50 கிராம் கணக்கு. நம்ம ஊர் உளுந்து இதற்குக் கைகொடுத்தது, 100 கிராமில் 24 கிராம் புரதம். காலையில் கருப்பட்டி குறைத்து உளுந்தங்களி, வாரத்தில் இரண்டு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், தினம் ஒரு முட்டை. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் முதுமையைத் தள்ளிப்போடும் என்று என்எம்என் மாத்திரை அனுப்பினான். எட்டு மாதம் நானே சாப்பிட்டேன். செல்கள் சக்தி உண்டாக்கப் பயன்படுத்துகிற என்ஏடி என்ற பொருளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றும், அது உண்மை. மனிதருக்கு ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. 20 மாத வயது எலிகளுக்கு ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்து ஆயுள் நீண்டது 2009இல் உறுதியானது, அதுவும் மனிதரிடம் இன்னும் உறுதியாகவில்லை. இந்த ஆராய்ச்சிகள் ஜெயிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். ஆனால் அந்த எட்டு மாதத்தில் என் நோட்டில் ஒரு எண்ணும் அசையவில்லை. அரிசிப் பை தூக்க ஆரம்பித்த பிறகுதான் என் பிடி 21இலிருந்து 25க்கு வந்தது.

கருவியைப் பற்றி: கைப்பிடி ரப்பர் ஒன்றரை வருஷத்தில் உரிந்தது, சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறேன். முழங்கை மடங்கினால் ஒரு எண், நீட்டினால் வேறு எண். முதல் நாள் எப்படி உட்கார்ந்து பிடித்தீர்களோ அப்படியே எப்போதும் பிடியுங்கள். மூன்று தடவை அமுக்கி அதிகமானதை எழுதுங்கள். தினமும் பார்க்க வேண்டாம், ஏற்ற இறக்கம் மனசைக் கெடுக்கும். மாதம் ஒரு தடவை போதும்.

இது எனக்கு நிஜமாகவே உதவியது போன ஐப்பசியில். அம்மா காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துவிட்டாள். எழுந்தபோது 17.1இலிருந்து 14.2. பார்க்க ஆள் பழையபடிதான் இருந்தாள், மீட்டர் இல்லையென்றால் தெரிந்திருக்காது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007 ஆய்வில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அதனால் மறுநாளே தலையணையை மறுபடி பலகையில் போட்டோம். பழைய எண்ணுக்கு வர மூன்று மாதம் பிடித்தது.

இந்த மாதம் 16.9. பதினெட்டைத் தொடவில்லை. ஐந்து தடவை எழுந்து உட்கார 14 வினாடி. படித்துறையில் பக்கச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி வாளியை மறு கையில் தானே தூக்கி ஏறுகிறாள். நான் வாங்கப் போனால் தருவதில்லை.