அரிவாள் பிடித்தவரும் கூட வந்த இரண்டு அட்டைகளும்

வயல்வேலைக்காரர்களின் பழைய படங்கள், மூன்றும் அசல் என்று போட்டிருந்த ஓர் இணைய விற்பனையாளரிடம் இந்தத் தொகுப்பை வாங்கினேன். கருவியைக் கையில் பிடித்து நிற்கும் உழைப்பாளிகளின் படங்களைத்தான் சேர்க்கிறேன். முகம் பிறகு, முதலில் கை.

டின்டைப் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். கறுப்பு பூசிய மெல்லிய இரும்புத் தகட்டிலேயே பதிந்த போட்டோ. காந்தம் ஒட்டுகிறது. 1850களில் புழக்கத்துக்கு வந்த முறை இது. ஆளுயரப் பிடி போட்ட அரிவாளோடு ஒருவர் நிற்கிறார். விளம்பரத்தில் அலகு ஒரு பக்கம், கையில் வந்த தகட்டில் மறுபக்கம்! இதில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் போன தகடே படம் என்பதால் இடம் வலம் மாறித்தான் பதியும், சட்டைப் பொத்தான் உட்பட. விற்றவர் கணினியில் அதைத் திருப்பி 'சரி' செய்திருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அசல்தானா என்று பார்க்கிறவன் முதலில் தேடுவதே அந்த மாற்றத்தைத்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொழுது போவது தெரியாது. தகட்டில் படம் பிடிக்கப் பூசும் அந்தக் காலக் கொலோடியனுக்கு நீலம் நன்றாகப் பிடிபடும், சிவப்பு அநேகமாகப் பிடிபடாது. அதனால் வெயிலில் சிவந்த கன்னமெல்லாம் கரேலென்று இருக்கிறது. தொப்பிக் கோட்டுக்கு மேலே நெற்றி மட்டும் வெளேர். பூட்சுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கால் எட்டிப் பார்க்கிறது. சில நொடிகள் அசையாமல் நிற்கத் தலையைத் தாங்கும் ஸ்டாண்டு அது. ஸ்டூடியோவில் அரிவாளை இரவல் வாங்கிக்கொண்டு நிற்கும் ஆட்களும் உண்டு. இவர் இடுப்பில் சாணைக்கல் தொங்குகிறது. போஸ் கொடுக்க வருகிறவர் அதைக் கட்டிக்கொண்டு வருவாரா? எனக்கு நம்பிக்கைதான்.

இரண்டாவது, கதிர் கட்டும் பெண்களின் கேபினட் கார்டு, அதாவது தடித்த அட்டையில் ஒட்டிய போட்டோ. 108க்கு 165 மில்லிமீட்டர், அளவு சரி. ஓரமெல்லாம் மஞ்சளடித்திருக்கிறது, ஒரு மூலை ஒடிந்திருக்கிறது. இதை 'புதுசு போல' என்று எழுத எப்படி மனம் வந்ததோ. ஆனாலும் அசல், வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது போலி. வைக்கோல் வண்டிமேல் நால்வர் உட்கார்ந்திருக்கும் போட்டோ அஞ்சலட்டை, '19ஆம் நூற்றாண்டு' என்று விளம்பரம். பின்புறம் தபால்தலை ஒட்டும் கட்டத்தில் அஸோ என்ற தாளின் பெயர், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணம். அந்தக் குறி 1904க்கும் 1918க்கும் இடைப்பட்ட தாளுக்கு உரியது. ஆக, அசலாகவே இருந்தாலும் விளம்பரம் பொய். பத்து மடங்கு லென்ஸில் மைப்புள்ளிகள் தெரிந்தன, அதாவது போட்டோ அல்ல, அச்சடித்தது. புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஜொலித்தது. தாளுக்கு அப்படி வெண்மையேற்றும் ரசாயனம் 1950களை ஒட்டித்தான் புகைப்படத் தாளில் சேர ஆரம்பித்தது.

சொன்னதும் அந்த ஒன்றுக்கு மட்டும் பணம் திரும்பியது, வாக்குவாதம் இல்லை. பேக்கிங்கும் குறை சொல்ல முடியாது: இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே, ரப்பர் பேண்டு போடாமல் வந்தது. தகடு ஒருமுறை வளைந்தால் மேல்பூச்சு செதிலாக உதிர்ந்துவிடும், அதைத் தெரிந்து கட்டியிருக்கிறார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். டின்டைப் வேண்டுமென்றால் இவரிடம் வாங்கலாம், திருப்பாத படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அஞ்சலட்டை என்றால் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.